பார்க்கில் போட்ட வண்டி உருண்டது: கியர் கேபிளை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப் பக்கம். முற்றத்திலிருந்து ரோட்டுக்கு ஏற வேண்டுமென்றால் நல்ல ஏற்றம், இரண்டு பக்கமும் செம்மண் திட்டு. அன்றைக்கு சாயங்காலம் பாதி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கியர் லீவரைப் பார்க்கில் (வண்டியைப் பூட்டி நிறுத்தும் இடம்) போட்டு, சாவியை எடுத்து, கேட்டைத் திறக்க இறங்கலாம் என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். வண்டி பின்னால் நகர்ந்தது. கீழே முற்றத்தில் அம்மா மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மக்களே, வண்டி வருது" என்ற சத்தம் கேட்டதும் பிரேக்கை அழுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டேன், வண்டி நின்றது. அரை ஆள் தூரம்தான் உருண்டிருக்கும். ஆனால் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வண்டி பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக். கிளட்ச் மிதி கிடையாது, பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று வரிசையாக லீவர் போகும். இப்போது வருகிற ஏஎம்டி வண்டிகள் (சாதா கியர்பாக்ஸிலேயே கிளட்சையும் கியரையும் தானாக மாற்றுகிறவை) வேறு ஜாதி, பெரும்பாலும் அவற்றில் பார்க் என்ற இடமே இருக்காது, அதனால் இங்கே சொல்வதை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

ஒரு மாதமாகவே வண்டி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பார்க்கில் வைத்துச் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வராது. நியூட்ரலுக்கு இழுத்து, லேசாக டிரைவ் பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க வேண்டும், 45,000 ரூபாயாவது ஆகும் என்றார்கள். பானெட்டைக்கூட முழுசாகத் திறந்து பார்க்காமல் சொன்ன தொகை அது, இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மறுநாள் காலையில் மச்சினனைக் கூப்பிட்டேன். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல் துண்டு வைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆனில் வைத்து, அவன் பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு இடமாக நகர்த்த, நான் ஏர் ஃபில்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு கியர்பாக்ஸின் மேல்பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒரு சின்ன இரும்புக் கை இருக்கும், கேபிளின் முனை அதில்தான் மாட்டியிருக்கும். உள்ளே லீவர் ஒரு கட்டம் தாண்டிய பிறகுதான் இந்தக் கை சோம்பலாக அசைந்தது. முனையில் இருந்த பிளாஸ்டிக் புஷ், அதாவது ஓட்டைக்குள் உட்காரும் சின்ன வளையம், பொடிந்துபோய் ஓட்டை அகலமாகிவிட்டது. கொஞ்சம் தள்ளி, கேபிளின் மேலுறை கிழிந்து உள்கம்பி துருப்பிடித்து ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடவப்பாதி மழை ஒன்று, ஐப்பசி மழை ஒன்று, மிச்ச நாளெல்லாம் கடல் காற்று, நம்ம ஊரில் கிழிந்த உறைக்குள் இருக்கும் கம்பி எத்தனை நாள் தாங்கும்?

இந்தக் கேபிள் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றுவது இது இல்லை, அதையெல்லாம் கியர்பாக்ஸே பார்த்துக்கொள்ளும். கேபிள் அந்த இரும்புக் கையைத் திருப்பும், கை உள்ளே ஒரு வால்வை நகர்த்தி ஆயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும், பார்க் பக்கம் போனால் ஒரு கொக்கி பல்சக்கரத்தில் விழுந்து பூட்டும். அதே கையோடு சேர்ந்த சுவிட்ச்தான் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் ஸ்டார்ட்டருக்கு அனுமதி கொடுக்கும். என் வண்டியில் லீவர் பார்க்கில் நின்றது, கை பார்க்குக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே நின்றது. அதனால்தான் ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால்தான் உருண்டது. சாதா கியர் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்தினால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் என்ஜின் நின்றுவிட்டால் ஆயில் அழுத்தமும் போய்விடும், அந்தக் கொக்கியும் ஹேண்ட்பிரேக்கும்தான் வண்டியைப் பிடிக்கும்.

புஷ் மட்டும் போயிருந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றியிருப்பேன், சில வண்டிகளுக்கு அது தனியாகவே கிடைக்கும். எனக்குக் கம்பியே போய்விட்டதால் முழு கேபிள். நாகர்கோவில் கடையில் சேசிஸ் நம்பரைக் கொடுத்தேன், மூன்றாம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து வரவழைத்துத் தந்தார்கள், 2,650 ரூபாய். பழையதில் வெளியே தெரிந்த முனையின் படத்தை போனில் எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்.

வேலையை எங்கள் ஏற்றத்தில் செய்ய மனசு வரவில்லை. கேபிளைக் கழற்றிவிட்டால் கியர்பாக்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று லீவர் காட்டாது, சரிவில் அது ஆபத்து. பக்கத்து வீட்டு மாமா தேங்காய் காயப்போடும் சிமெண்ட் களம் சமதளம், அவரிடம் கேட்டேன். "ஞாயிறு மத்தியானம் வரை எடுத்துக்கோ மக்கா, கறை மட்டும் படாம பாத்துக்கோ" என்றார். பழைய சாக்கு விரித்து வண்டியை அங்கே நிறுத்தினோம்.

என்ஜின் நன்றாக ஆறின பிறகு முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றியது. பல வண்டிகளில் ஏர்பேக்கின் மூளை கியர் லீவரின் பக்கத்தில், கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும், அதனால் கழற்றியதும், மிச்சக் கரண்ட் இறங்கட்டும் என்று, கை வைக்காமல் பத்து நிமிஷம் டீ குடித்துவிட்டு வந்தோம். கன்சோலில் ஸ்க்ரூ குறைவு, கிளிப் அதிகம். மறைந்திருக்கும் ஸ்க்ரூவைத் தேடாமல் இழுத்தால் பிளாஸ்டிக் உடையும். லீவருக்குக் கீழே கேபிள் முனையை அது மாட்டியிருக்கும் சின்ன முளையிலிருந்து நெம்பி எடுத்து, உறையைப் பிடித்திருக்கும் யூ வடிவக் கிளிப்பை மேல்நோக்கி உருவினேன். என்ஜின் பக்கத்தில் இரும்புக் கையிலிருந்து 12 எம்எம் நட்டு, பிராக்கெட்டில் இன்னொரு கிளிப். நடுவில், என்ஜினையும் உள்பக்கத்தையும் பிரிக்கும் தகரச் சுவரில், கேபிள் நுழையும் இடத்தில் ஒரு ரப்பர் மூடி.

கேபிளை வெளியே இழுப்பதற்கு முன்னால் அதன் ஒரு முனையில் நீளமான நைலான் கயிறு கட்டினேன். பழையது போன வழியிலேயே கயிறு நிற்கும், புதியதை அதில் கட்டி மச்சினன் மெதுவாக இழுக்க நான் தள்ள, பாவாடைக்கு நாடா கோர்ப்பது மாதிரி உள்ளே போய்விட்டது. எங்கேயும் ஒடித்து வளைக்கக் கூடாது, சைலன்சர் குழாயின் பக்கம் தொங்கவும் கூடாது. ரப்பர் மூடியைச் சுற்றிலும் விரலால் அழுத்தி உட்கார வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கால் கார்ப்பெட் ஊறிவிடும்.

இதுவரை இரண்டரை மணி நேரம். உண்மையான வேலை இனிமேல்தான்.

கேபிள் மாட்டாத நிலையில் கியர்பாக்ஸின் கையை விரலாலேயே திருப்பலாம். ஒரு கோடிக்குப் போய் நின்றதும் வண்டியைத் தள்ளிப் பார்த்தோம், அசையவில்லை, அதுதான் பார்க் கோடி. எந்தப் பக்கம் பார்க் என்பது வண்டிக்கு வண்டி மாறும், தள்ளிப் பார்ப்பதுதான் நம்பிக்கை. இதற்காக முன்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்க்காதீர்கள், பார்க்கில் இருந்தாலும் ஒரு சக்கரம் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும், குழம்பிவிடுவோம். பார்க்கிலிருந்து ஒரு டிக் திருப்பினால் ரிவர்ஸ், இன்னொரு டிக் நியூட்ரல். அங்கே நிறுத்தினேன். சில கியர்பாக்ஸ்களில் கையிலும் சுவிட்சிலும் சின்ன ஓட்டை இருக்கும், நியூட்ரலில் இரண்டும் நேராக வரும், அதில் 5 எம்எம் ட்ரில் பிட் போட்டால் கை ஆடாது. உள்ளே லீவரையும் நியூட்ரலில் வைத்தேன். சில வண்டிகளுக்கு இதைப் பார்க்கில் வைத்துச் செய்யச் சொல்லியிருப்பார்கள், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதைக் கேளுங்கள். எதுவானாலும் இரண்டு முனையும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும்.

முதல் தடவை நான் தவறு செய்தேன். ட்ரில் பிட் போடாமல், கேபிளை மாட்டி நட்டை முறுக்கும்போது இரும்புக் கையைப் பிடிக்காமல் விட்டுவிட்டேன். நட்டு இறுகும்போது கையையும் சேர்த்துக் கொஞ்சம் திருப்பிவிட்டது. பார்த்தால் தெரியாத அளவு. பேட்டரியை மாட்டிப் பார்த்தபோது, லீவர் ரிவர்ஸுக்கு முழுசாகப் போகும் முன்பே ரிவர்ஸ் விளக்கு எரிந்து, லீவர் அங்கே உட்கார்ந்ததும் அணைந்து அணைந்து எரிந்தது. ஓடுகிறதே என்று அப்படியே விட்டிருந்தால் வால்வு பாதித் திறப்பில் நிற்கும், ஆயில் அழுத்தம் குறையும், உள்ளே கிளட்ச் தகடுகள் வழுக்கி வழுக்கி எரியும். கியர்பாக்ஸ் உண்மையிலேயே போவது இப்படித்தான். மறுபடி நட்டைத் தளர்த்தி, ட்ரில் பிட் போட்டு, கேபிளின் தொய்வை மட்டும் போகிற அளவுக்கு இழுத்து, ஒரு கையால் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முறுக்கினேன். ட்ரில் பிட்டை எடுக்க மறக்காதீர்கள்.

அப்புறம் சோதனை. பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, ஹேண்ட்பிரேக்கும் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் சாவியைத் திருப்பினேன். பார்க்கிலும் நியூட்ரலிலும் ஸ்டார்ட் ஆனது, ரிவர்ஸிலும் டிரைவிலும் சத்தமே இல்லை, அதுதான் சரி. மச்சினன் வண்டிக்குப் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று ரிவர்ஸ் விளக்கைப் பார்த்தான். "அத்தான், இப்ப டக்குன்னு எரியுது" என்றான். என்ஜின் ஓடும்போது டிரைவில் போட்டதும் தாமதமில்லாமல் வண்டி பிடித்தது.

கடைசியாக வீட்டு ஏற்றம். அம்மாவை உள்ளே போகச் சொல்லிவிட்டு, பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கல் வைத்து, அதே பாதி வழியில் பார்க்கில் போட்டு, ஹேண்ட்பிரேக் இல்லாமல், பிரேக்கை மெதுவாக விட்டேன். இரண்டு விரல் அளவு அசைந்து டொக்கென்று நின்றது, கொக்கி பல்லில் விழும் சத்தம். வண்டியின் முகம் இறக்கத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்தும் ஒருமுறை பார்த்தேன். அப்படியும் இப்போதெல்லாம் முதலில் ஹேண்ட்பிரேக், அதன் பிறகுதான் பார்க், அந்தச் சின்னக் கொக்கி மேல் முழு வண்டியின் பாரத்தையும் ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

நட்டின் மேலும் இரும்புக் கையின் மேலும் சேர்ந்தாற்போல வீட்டுக்காரியின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். இரண்டு வாரம் கழித்து, குலசேகரம் வரைக்கும் இரண்டு தடவை போய் வந்த பிறகு, பானெட்டைத் திறந்து பார்த்தேன். கோடு உடையாமல் நேராக இருந்தது.