உதவிக் கட்டுரையில் மூன்று பொத்தான்களும் ஒரு வேற்றுமை உருபும்

புத்தகக்குறிகள், கடவுச்சொற்கள் முதலியவற்றைப் பயர்பொக்ஸ் உலாவி சேமித்து வைக்கும் சுயவிவரக் கோப்புறையை விளக்கும், மொசில்லா உதவித் தளக் கட்டுரையின் தமிழ் வடிவத்துக்கு மீளாய்வாளரின் ஒப்புதல் கிடைத்துவிட்டது. தன்னார்வமாக நான் எழுதியவற்றுள் இதையே பெரிதாக மதிக்கிறேன். ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தால் பல வேளைகளில் ஃபோர்மட் செய்தே திருப்பித் தருகிறார்கள். புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் அத்தோடு போய்விடுகின்றன. உலாவியை முழுமையாக மூடிவிட்டு அந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் பிரதி செய்து வைத்தால் இந்த இழப்பு நேராது. கடவுச்சொற்களை மட்டும் காப்பாற்ற நினைப்பவர் லொகின்ஸ்.ஜேசன் (logins.json), கீ4.டிபி (key4.db) ஆகிய இரு கோப்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். ஒன்று இல்லாமல் மற்றொன்று பயன்படாது.

கட்டுரையின் பெரும்பகுதி இலகுவாகவே முடிந்தது. வேலை வாங்கியது, வாசகரின் இயங்குதளத்துக்கேற்ப உரையை மாற்றிக் காட்டும் ‘ஃபார்’ குறிதான். பிரச்சினைத் தீர்வுத் தகவல் பக்கத்தில் கோப்புறையைத் திறக்கும் பொத்தானுக்கு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் வெவ்வேறு பெயர். ஆங்கிலத்தில் அம்மூன்று பெயர்களையும் மூன்று குறிகளுக்குள் இட்டு, வாக்கியத்தின் மீதியைப் பொதுவாக வெளியே விட்டுவிடலாம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வருவதால் அந்த வழி செல்லாது. மேக்கின் கோப்பு மேலாளரான ‘ஃபைண்டர்’ என்பதோடு குறியை மூடிவிட்டு ஐ உருபை வெளியே எழுதினால் அது தனித்து நிற்கிறது. உயிர்மெய்க் குறியை மட்டும் இட்டாலோ புள்ளி வட்டமொன்று முளைக்கிறது. வல்லெழுத்து மிகும் இடங்களிலும் இதே சிக்கல்தான்.

‘என்ற பொத்தானை’ என்று பொதுவாகத் தொடர்ந்தால் பொத்தான்களுக்குச் சரிவருகிறது. கோப்புறைப் பாதையைச் சொல்லும் வாக்கியங்களுக்கு அதுவும் போதாததால், முழு வாக்கியத்தையும் ஒவ்வொரு குறிக்குள்ளும் தனித்தனியே எழுதினேன். மூல ஆங்கிலக் கட்டுரை மாறும்போதெல்லாம் மூன்று இடங்களில் திருத்த வேண்டியிருக்கும் என்பது உண்மையே. ஆனால் எந்தக் கணினியில் திறந்தாலும் வாசகருக்குப் பிசிறில்லாத தமிழ் கிடைக்கிறது. அதற்காக அந்த உழைப்பைக் கொடுக்கலாம் என்பதே என் முடிவு. பக்கத்திலுள்ள தெரிவுப் பெட்டியில் இயங்குதளத்தை மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்த பின்னரே சமர்ப்பித்தேன். இலக்கமிட்ட படிகளுக்கிடையே வெற்று வரி விட்டால் எண் மறுபடியும் 1 இலிருந்து தொடங்கிவிடும் என்பதையும் புதிதாகச் சேர்பவர்கள் கவனிக்க வேண்டும்.

விசைப்பலகை பற்றியும் ஒரு குறிப்பு. கண்டியில் வாங்கிய ரெங்கநாதன் தமிழ் விசைப்பலகை அமைப்புக்கான எழுத்து ஒட்டிகள் இந்தக் குளிரிலும் ஈரத்திலும் ஓரம் பெயராமல் இருக்கின்றன. மலிவான தாள் ஒட்டிகளை வாங்க வேண்டாம்.

அடுத்து, உலாவியைப் புதுப்பித்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் கட்டுரையை எடுத்திருக்கிறேன். நீட்சிகளும் தோற்றங்களும் நீங்கும், புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் நிலைக்கும் என்ற வேறுபாட்டை அதன் முதற்பந்தியிலேயே சொல்லிவிட விரும்புகிறேன். அதற்கு முன், ஒப்புதல் பெற்ற கட்டுரைக்குத் தமிழ் இடைமுகத்தின் திரைப்பிடிப்புப் படங்களைச் சேர்க்க வேண்டும். விண்டோஸ், லினக்ஸ் படங்கள் தயார். மேக் படத்தைப் பண்டாரவளையில் அச்சகம் நடத்தும் நண்பர் தமது கணினியில் எடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.