எந்த மெஷினுக்காக?

"பழைய கோடுல இந்தப் பக் வந்திருக்காது சார்" என்று, நான் ரிவ்யூ செய்த சி புரோகிராமை எழுதிய தம்பி சொன்னது உண்மைதான். உண்மையாக இருப்பதால்தான் அது இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் கருவி அளவீடுகளை ஒரு கோப்பில் பதிவுகளாக எழுதும். அதை விண்டோஸிலும் லினக்ஸ் சர்வரிலும் படிப்போம். முதலில் ஸ்ட்ரக்டை (ஒரு பதிவின் எண்களைச் சேர்த்து வைக்கும் கட்டு) மெமரியில் இருந்தபடியே எஃப்ரைட் ஃபங்ஷனால் கோப்பில் எழுதியிருந்தான். உள்ளே லாங் என்ற முழு எண் டைப்பில் ஒன்று இருந்தது. கருவியில் இருக்கும் 32 பிட் ஆர்ம் சிப்பில் லாங் 4 பைட். 64 பிட் விண்டோஸிலும் 4 பைட்தான். 64 பிட் லினக்ஸில் 8 பைட். விண்டோஸில் ஒழுங்காகப் படித்த கோப்பு சர்வரில் குழம்பியது. லாங்குக்குக் குறைந்தது 32 பிட், இன்ட்டுக்குக் குறைந்தது 16 பிட் என்பதோடு சி தரம் நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் அந்தந்த கம்பைலரும் ஓஎஸ்ஸும் வைத்ததுதான். இதில் எங்களுக்குள் தகராறே இல்லை. லாங்கை எடுத்துவிட்டு, 1999 தரத்தில் வந்த, எங்கும் அளவு மாறாத யூஇன்ட்32_டி, யூஇன்ட்16_டி டைப்புகளைப் போட்டான். நடுவில் கம்பைலர் சேர்க்கும் வெற்று பைட்டுகள் (பேடிங்) வராமலிருக்க ஸ்ட்ரக்டை பேக்டு, அதாவது இடைவெளி இல்லாதது ஆக்கினான். மூன்று இடத்திலும் ஓடியது.

அங்கேயே ரிவ்யூவை முடித்து ஓகே கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை. மெமரியில் இருப்பதை அப்படியே கோப்பில் கொட்ட வேண்டாம், ஒவ்வொரு எண்ணையும் ஷிஃப்ட் செய்து (பிட்டுகளை நகர்த்தி) பைட் பைட்டாக எழுது, படிக்கும்போதும் அப்படியே படி என்றேன்.

"நம்மகிட்ட இருக்கிற மூணுமே லிட்டில் எண்டியன்தான் சார். எந்த மெஷினுக்காக மாத்தணும்?"

"நாளைக்கு வேற ஏதாவது வரலாம்ப்பா."

இந்தப் பதிலைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். எண்ணின் சின்ன பைட்டை மெமரியில் முதலில் வைப்பது லிட்டில் எண்டியன், பெரிய பைட்டை முதலில் வைப்பது பிக் எண்டியன். பிக் எண்டியன் மெஷின் எங்கள் வேலைக்கு வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஸ்பார்க், மோட்டோரோலா 68000 போன்ற பிக் எண்டியன் சிப்கள் எல்லாம் ஓடிய காலம் வேறு. இன்றைக்கு ஐபிஎம் மெயின்ஃபிரேம் பக்கம் போனால்தான் அது பெரிதாகக் கண்ணில் படும். என் மனசில் இருந்த காரணம் வேறு. ஷிஃப்ட் என்பது எண்ணின் மதிப்பின் மேல் நடக்கும் வேலை. அந்த எண் மெமரியில் எப்படிக் கிடக்கிறது என்பது அதற்குத் தேவையே இல்லை. கோப்பின் முதல் பைட்டில் எது வரும் என்பது கோடிலேயே தெரியும். பேக்டு ஸ்ட்ரக்டில் அது எங்கேயும் எழுதப்படுவதில்லை. ஓடுகிற மெஷின் எதுவோ, கோப்பும் அதன் வரிசையில் அமைந்துவிடுகிறது. இதைச் சொல்லியிருந்தால் எங்கள் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். அன்றைக்கு எது வாயில் வந்ததோ அதைச் சொன்னேன். அவனும் மறுபேச்சில்லாமல் மாற்றி எழுதினான்.

அப்புறம், மாற்றி எழுதிய கோடில் வந்த அந்த பக். யூஇன்ட்8_டி, அதாவது குறியில்லாத 8 பிட் டைப்பாக இருக்கும் ஒரு பைட்டை 24 பிட் இடப்பக்கம் தள்ளினால், தள்ளும் முன்பே சி அதை இன்ட்டாக மாற்றிவிடும். பிளஸ், மைனஸ் குறியுள்ள இன்ட். பைட்டின் மேல் பிட் 1 என்றால் அது போய் குறி பிட்டில் உட்காரும். தரத்தின்படி அது அன்டிஃபைன்ட் பிஹேவியர், என்ன நடக்கும் என்று தரம் எதுவும் சொல்லாத நிலை. நடைமுறையில் பெரும்பாலும் மைனஸ் எண்ணாக வரும். அதைக் குறியில்லாத 64 பிட் வேரியபிளில் போடும்போது மேல் 32 பிட்டும் 1 ஆகிவிடும். 2147483648 என்று வர வேண்டிய கவுண்டர் 18446744071562067968 என்று வந்தது. ஷிஃப்ட்டுக்கு முன்னால் யூஇன்ட்32_டி என்று ஒரு காஸ்ட் (டைப் மாற்றம்) போட்டதும் தீர்ந்தது. ஓடும்போதே இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்கும் சானிடைசர் வைத்து டெஸ்ட் ஓட்டியபோதே வரி எண்ணோடு சிக்கிவிட்டதால் வெளியே போகவில்லை. அப்போதுதான் அவன், பழைய கோடில் இது வந்திருக்காது என்று சொன்னான்.

நான் விடவில்லை. பேக்டு ஸ்ட்ரக்டிலும் ஆபத்து உண்டு என்றேன். அதன் ஒரு உறுப்பின் அட்ரஸை எடுத்து வேறொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அது ஒழுங்கான எல்லையில் (4 பைட் எண் என்றால் 4-ன் மடங்கான அட்ரஸில்) இல்லை என்ற தகவல் அந்தப் பாயின்டரோடு போகாது. கார்டெக்ஸ் எம்0 போன்ற சிப்பில் அங்கேயே ஃபால்ட் அடிக்கும். ஜிசிசி கம்பைலரின் 9-ம் பதிப்பிலிருந்து இதற்கென்றே எச்சரிக்கை வருகிறது. "நாம எங்கேயும் அட்ரஸ் எடுக்கலையே சார்" என்றான். அதுவும் சரிதான். ஷிஃப்ட் மெதுவாக இருக்கும் என்று அவன் சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது: எல்லை பார்க்காமல் மெமரியிலிருந்து எண்ணை எடுக்கும் (லோட்) சிப்களில் ஜிசிசியும் கிளாங் கம்பைலரும் அந்த நாலு ஷிஃப்ட்டையும் சேர்த்து ஒரே லோடாக்கிவிடும். ஆனால் அவன் அதைக் கேட்கவே இல்லை.

பிறகு மாட்பஸில் பேசும் மீட்டர் ஒன்றை இணைக்க வேண்டி வந்தது. தொழிற்சாலைக் கருவிகள் பேசிக்கொள்ள 1979-ல் பிறந்த புரோட்டோகால் அது. அதில் மதிப்பு வைக்கும் ரிஜிஸ்டர் ஒவ்வொன்றும் 16 பிட், பெரிய பைட் முதலில். 32 பிட் எண் என்றால் இரண்டு ரிஜிஸ்டர் வேண்டும், எந்த ரிஜிஸ்டர் முதலில் என்பதில் ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு மாதிரி. பைட் வரிசையை மாற்றித்தரும் என்டோஹெச்எல் ஃபங்ஷன் இங்கே முழுசாகக் கைகொடுக்காது. அதற்குத் தெரிந்தது பெரிய பைட் முதலில் வரும் நெட்வொர்க் வரிசை ஒன்றுதான். ஷிஃப்ட் செய்து படிக்கும் ஃபங்ஷனில் இன்டெக்ஸை மாற்றினோம், முடிந்தது. வரிசை என்பது வரும் தரவுக்குச் சொந்தமானது, நம் மெஷினுக்கு அல்ல என்று நான் நம்புவதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மனசுக்கு நிறைவாகவே இருந்தது. ஆனால் அந்த ஃபங்ஷனை மீட்டர் வந்த பிறகு புதிதாக எழுதியிருந்தாலும் பெரிய வேலை ஆகியிருக்காது. கோப்பை மாற்றச் சொன்னதற்கு இது நியாயம் ஆகுமா? ஆகும் என்று சில நாள் தோன்றும். அவன் கேட்ட கேள்வி மீட்டரைப் பற்றியது இல்லையே என்றும் தோன்றும்.

அவன் இப்போது வேறு டீமில் இருக்கிறான். அவன் எழுதிய ஒன்று சமீபத்தில் என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. பேக்டு ஸ்ட்ரக்டேதான். ஆனால் கூடவே அதன் அளவைக் கம்பைல் செய்யும்போதே சரிபார்க்க ஸ்டேட்டிக் அசர்ட், லிட்டில் எண்டியன் இல்லாத இடத்தில் கம்பைலே ஆகாதபடி ஒரு எர்ரர் வரி, எந்த பைட் எங்கே என்று மேலே ஒரு கமென்ட். கோடில் எழுதப்படவில்லை என்று நான் குறைபட்டது அங்கே எழுதப்பட்டிருந்தது. மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓகே கொடுக்கும்போது, இதையே நான் எழுதியிருந்தால் ஷிஃப்ட்தான் போட்டிருப்பேன் என்று நினைத்தேன்.