முட்டம் பாறையில் தூண்டில் போடுமுன்

நாகர்கோவிலிலிருந்து முட்டம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பைக்கில் கிளம்பினால் விடியுமுன் போய்ச் சேரலாம். கலங்கரை விளக்கத்தை ஒட்டிக் கடலுக்குள் இறங்கும் பாறைகள்தான் தூண்டில்காரர்களின் இடம். பாறையடியில் கலவா, செப்பிலி. தள்ளி எறிந்தால் பாரை மீன், சீலா. பங்குனி, சித்திரையில் தண்ணீர் தெளிந்து கிடக்கும். ஆளை இழுத்துக்கொண்டு போகும் அலை வருவதும் அந்த நாட்களில்தான்.

ஆனி, ஆடியில் கடலைப் பார்த்தாலே பயம் வரும், யாரும் இறங்கமாட்டார்கள். ஏப்ரல், மே அப்படியல்ல. காற்று இருக்காது, வானமும் வெளுத்திருக்கும். ஆனால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் சில நாள் முன்பு அடித்த புயல் கிளப்பிய அலை இங்கே வந்து ஏறும். கள்ளக்கடல் என்பது இதுதான். 2024 மே 6 அன்று பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் பலியானபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

அலையின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், இடைவெளியை எண்ணுங்கள். கடலுக்குள் தனியாக நிற்கும் ஒரு பாறையைக் குறி வையுங்கள். அதில் ஒரு முகடு ஏறும்போது செல்போனில் ஸ்டாப்வாட்ச்சைத் தட்டி, அடுத்து பத்து முகடு ஏறும்வரை ஓடவிட்டு, வந்த நொடிகளைப் பத்தால் வகுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு நொடி வந்தால் அது உள்ளூர்க் காற்று எழுப்பிய அலை. 14 நொடிக்கு மேல் என்றால் தூண்டிலைச் சுருட்டிவிடலாம். ஆழ்கடலில் 8 நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர்; 16 நொடி அலைக்கு 400 மீட்டர். உயரம் ஒன்றேயானாலும் நீண்ட அலை தள்ளிவரும் தண்ணீர் அதிகம், பாறையில் ஏறுவதும் அதிகம்.

பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவில் பத்து, பதினைந்து நிமிடம் கடல் குளம்போலக் கிடக்கலாம், அதை நம்பி இறங்குகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். அதனால் மேலே நின்று அரை மணி நேரம் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். பச்சைப் பாசி படர்ந்த இடம் தினமும் நனைவது. அங்கே நிற்கவே கூடாது. அதற்கு மேலேயும் பாறை ஈரமாகக் கறுத்திருந்தால் இன்றைக்கு அலை அங்கே வந்துபோயிருக்கிறது. ஈரக்கோட்டுக்கு ஓர் ஆள் உயரமாவது மேலே நில்லுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் கூடுதல் என்பதால் காலையில் பார்த்த கோடு மதியத்துக்குச் செல்லாது.

ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸின் (INCOIS) எச்சரிக்கையை முந்தின இரவே பார்த்துவிடுவது நல்லது. அதில் ‘நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை’ என்றிருந்தால் இந்த மாவட்டத்துக் கரை முழுவதும் அடக்கம். அன்றைக்குப் பேச்சிப்பாறை அணை பக்கம் போய்விட்டு வரலாம்.

இனி தூண்டில். மெயின் நரம்பு (நைலான் இழை) 0.50 மில்லிமீட்டர். ஈயக்குண்டை மட்டும் 0.30 நரம்பில் கட்டுங்கள். பாறை இடுக்கில் சிக்கினால் ஈயம் அறுந்து போகும், தூண்டில் முள்ளும் மீனும் மிஞ்சும். மொத்தமும் ஒரே நரம்பு என்றால் எல்லாம் போகும். அதோடு, சிக்கியதை எடுக்க ஆள் கீழே இறங்குவதுதான் பெரிய ஆபத்து. சீலாவின் பல் நரம்பை வெட்டிவிடும், அதற்கு முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி வேண்டும். இரைக்குச் சாளைத் துண்டு போதும், ஆனால் மெல்லிய நூலால் சுற்றிக் கட்டாவிட்டால் எறியும்போதே கழன்றுவிடும். கணவாய்த் துண்டு அவ்வளவு சீக்கிரம் கழலாது.

மீன் மாட்டியதும் குனிந்து கையால் எடுக்கத் தோன்றும். தூண்டில் எறியும்போது விழுவதைவிட இந்த நேரத்தில் விழும் வாய்ப்பே அதிகம். நீளக் கம்பில் கட்டிய வலை இல்லையென்றால், அடுத்த அலை மீனைத் தூக்கும் வரை பொறுத்திருந்து அந்த வேகத்தோடு இழுங்கள். ரப்பர் செருப்பு பாசியில் வழுக்கும்.

யாராவது விழுந்தால் கூடவே குதிக்காதீர்கள். மூடிய காலி 20 லிட்டர் கேனில் 20 மீட்டர் கயிறு கட்டி எப்போதும் பக்கத்தில் வைத்திருங்கள், அதை எறியலாம். விழுந்தவர் அதே பாறையில் ஏறப் பார்த்தால் அடுத்த அலை அதிலேயே மோதவிடும். கேனைப் பிடித்துக்கொண்டு பாறையை விட்டு விலகி மிதக்கச் சொல்லிக் கத்துங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093, கடலோரக் காவல்படை 1554.