ஊதியது 10 நிமிடம், வண்டி வந்தது 23-ஆம் நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என் மேல்தான். நண்பன் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பீர், சாப்பாட்டோடு, மெதுவாக. வீடு நாலு கிலோமீட்டர்தானே என்ற தைரியத்தில் பைக்கை எடுத்தேன். அதற்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. பிடிபட்ட பிறகு நான் செய்த அசட்டுத்தனங்களால், இரண்டு மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை 23 நாள் இழுத்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மேம்பாலம் இறங்கும் இடத்தில் போலீசார் பாரிகேட் போட்டு நிறுத்தி, குடித்திருக்கிறோமா என்று காட்டும் மெஷினில் ஊதச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற பையன் ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தான். "நான் ஊதணும்னு சட்டத்துல எங்க சார் இருக்கு?" என்று வாட்ஸ்அப்பில் படித்ததை அப்படியே ஒப்பித்தான். அதே பார்வர்டு எனக்கும் வந்திருக்கிறது, நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன். எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) குரலை உயர்த்தவே இல்லை. "சரி தம்பி, ஜீப்ல ஏறு" என்றார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டான்.

சட்டத்தில் அது இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டு வக்கீல் அண்ணன் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திறந்து காட்டினார். 203-ஆவது பிரிவின்படி, குடித்திருப்பதாகச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் ஊதச் சொல்லலாம். மறுத்தால் வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம். அப்புறம் 204-இன்படி ஸ்டேஷனில் வைத்து டாக்டர் மூலம் ரத்தம் எடுக்கலாம். குழாயை வாயில் வைத்துக்கொண்டு ஊதுவதுபோல நடிப்பவர்களுக்கும் இதே கதிதான், 'ஊதத் தவறியவர்' என்ற கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். "எஸ்.ஐ. ரேங்க் இல்லாதவர் ஊதச் சொல்லக் கூடாது" என்று நம் ஊரில் அடித்துச் சொல்வார்களே, அந்தப் பிரிவில் ரேங்க் பற்றிப் பேச்சே இல்லை. சீருடை என்றுதான் இருக்கிறது.

சட்டம் அவர்கள் கையையும் கட்டுகிறது, அதை யாரும் பார்வர்டு செய்வதில்லை. குடித்து ஓட்டியதாகக் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். இது 202-ஆவது பிரிவு. ஸ்டேஷனில் இன்னொரு முறை ஊத வாய்ப்புத் தர வேண்டும். எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், எனவே ராத்திரி முழுக்க உள்ளே வைப்போம் என்று யாராவது மிரட்டினால் கேள்வி கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும், குடித்துவிட்டு சட்டம் பேசினால் என்ன வரும் என்பதைத்தான் அந்தப் பையன் காட்டிவிட்டுப் போனானே.

என் முறை வந்தது. புதுக் குழாய் மாட்டச் சொல்லிக் கேட்டேன், மாட்டினார்கள். ஊதுவதற்கு முன் மெஷினில் பூஜ்யம் காட்டுகிறதா என்றும் எட்டிப் பார்த்தேன். அன்று நான் உருப்படியாகச் செய்த காரியங்கள் இந்த இரண்டுதான். 61 வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் எல்லை, அதைத் தாண்டினாலே கேஸ். மவுத்வாஷில் வாய் கொப்பளித்த உடனே ஊதினால்கூட அளவு எகிறும், அப்படிப்பட்டவர்கள் அதைச் சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதிக்காட்டுகிறேன் என்று கேட்பது நல்லது. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

இனிதான் என் கூத்து.

"வண்டியை எடுத்துட்டுப் போக வீட்டுல யாராவது இருக்காங்களா?" என்று ஏட்டு கேட்டார். தங்கை இருக்கிறாள், லைசென்ஸ் இருக்கிறது, என்னைவிட நன்றாக ஓட்டுவாள். ஆனால் இந்தக் கோலத்தில் அவள் முன்னால் நிற்க வெட்கப்பட்டு, யாரும் இல்லை என்றேன். வண்டி ஸ்டேஷனுக்குப் போனது. 2021-இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் இதைப் பற்றியே ஒரு தீர்ப்புச் சொன்னது. குடித்தவர் ஓட்டக் கூடாது, ஆனால் கூட வந்த, குடிக்காத, லைசென்ஸ் உள்ளவரிடமோ, வரவழைக்கப்பட்ட உறவினரிடமோ வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், குடித்து ஓட்டினார் என்பதற்காக மட்டும் பறிமுதல் செய்யக் கூடாது என்று. அது அந்த மாநிலத்துக்கான தீர்ப்பு, நம் ஊர் ஸ்டேஷனில் எடுபடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்களே கேட்கும்போது இல்லை என்று சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அடுத்தது லைசென்ஸ். வாங்கி உறையில் போட்டுக்கொண்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு இது அவர்கள் செய்தே ஆக வேண்டியது, லைசென்ஸை ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் வாங்கும்போது தற்காலிக ஒப்புகைச் சீட்டு ஒன்று தர வேண்டும் என்றும் அதே 206-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தச் சீட்டை வைத்து வண்டி ஓட்ட முடியாது, லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். நான் கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

கடைசியாக சலான். டார்ச் வெளிச்சத்தில் நீட்டினார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வண்டி எண்ணில் 3 இருக்க வேண்டிய இடத்தில் 8.

கோர்ட்டில் ஒரு சிக்கலும் இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டேன், 10,000 ரூபாய் கட்டினேன், ரசீது வாங்கினேன். வாசலில் ஒருவர் 3,000 கொடுத்தால் அபராதத்தைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார், பேசாமல் நகர்ந்தேன். முதல் தடவைக்கு 10,000 அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இரண்டாம் முறை என்றால் 15,000, சிறை 2 வருடம் வரை. ஹெல்மெட் கேஸ்போல இதை ரோட்டிலேயே கட்டி முடிக்க முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். எனவே ரோட்டில் யாராவது பணம் கேட்டால் அது எந்தக் கணக்கில் போகிறது என்று உங்களுக்கே புரியும்.

ரசீதோடு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் (ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) ரசீதையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர்ல எங்ககிட்ட வண்டியே இல்லையே தம்பி" என்றார். வண்டி அவர் ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிற்கிறது. கைகாட்டினேன். "அதுக்கு இன்னும் பைன் கட்டலையே" என்றார். மனிதர் கிண்டல் செய்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே சொன்னார். காகிதப்படி என் அபராதம் யாரோ ஒருவருடைய வண்டிக்குக் கட்டப்பட்டிருக்கிறது.

கோர்ட்டுக்குத் திரும்பினேன். பெஞ்ச் கிளார்க், "ஸ்டேஷன்ல இருந்து திருத்தக் கடிதம் வரணும்" என்றார். ஸ்டேஷனில், "கோர்ட்ல திருத்தினாத்தான் நாங்க ரிலீஸ் பண்ண முடியும்" என்றார்கள். இப்படி ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவு. ஒருநாள் இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்தில் இருந்தார், ஒருநாள் ரைட்டர் விடுப்பு, ஒருநாள் இருவரும் இருந்தார்கள், கரன்ட் இல்லை. "எழுதும்போது சொல்லியிருக்கலாம்ல, கையெழுத்து நீங்கதானே போட்டீங்க" என்று ரைட்டர் ஒருமுறை கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, சரியாகத்தான் கேட்டார்.

காப்பாற்றியது மெஷின் கக்கிய துண்டுச் சீட்டு. அதில் என் பெயர், நேரம், 61 என்ற அளவு, வண்டி எண் எல்லாம் அச்சாகி இருந்தன, எண் சரியாகவே இருந்தது. சட்டைப் பையில் கிடந்த அந்தச் சீட்டைத் தேடி எடுத்தால் ஏறக்குறைய வெள்ளைத் தாள். பஸ் டிக்கெட்டைப்போல வெப்பத்தில் அச்சாகும் தாள், வியர்வையில் எழுத்து மங்கிவிட்டது. நல்லவேளை, மறுநாள் காலையில் தலைவலியோடு உட்கார்ந்திருந்தபோது அதை போட்டோ எடுத்து நண்பனுக்கு அனுப்பியிருந்தேன், திட்டுவதற்காக. அதைப் பிரின்ட் போட்டு, ஆர்.சி. நகலையும் சேர்த்து, வக்கீல் அண்ணன் சொன்னபடி இன்ஸ்பெக்டருக்கு ஒரு பக்க மனு எழுதினேன். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் சீல் வாங்கிக்கொண்டேன். இந்த சீல்தான் முக்கியம், வாயால் கேட்ட ஐந்து தடவை நகராத விஷயம் சீல் வைத்த மூன்றாம் நாள் நகர்ந்தது. திருத்தக் கடிதம் வந்தது, பெஞ்ச் கிளார்க் அதை வாங்கிக்கொண்டு பத்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்.

லைசென்ஸ் கதை தனி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரவில்லை என்றார்கள், ஸ்டேஷனில் அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாததால் யாரிடமும் எதையும் காட்ட முடியவில்லை. கடைசியில் ரைட்டர் மேஜை டிராயரில் ரப்பர் பேண்டு போட்ட கட்டுக்குள் இருந்தது. அதற்குப் பிறகுதான் அனுப்பினார்கள், அதற்குப் பிறகுதான் விளக்கம் கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்தது. சஸ்பெண்ட் செய்வதற்கு முன் நம் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம், எனவே நோட்டீஸ் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். நான் போய் ஒப்புக்கொண்டேன், மூன்று மாதம் சஸ்பென்ஷன். அது உத்தரவு தேதியிலிருந்து எண்ணப்படுகிறது, எனவே டிராயரில் கிடந்த நாட்கள் எல்லாம் எனக்கு நஷ்டக் கணக்கு.

23-ஆம் நாள் வண்டியை எடுக்கத் தங்கையைத்தான் கூட்டிப் போனேன். சீட் முழுக்க வேப்பம்பூவும் காக்கை எச்சமும், பேட்டரி செத்திருந்தது. உதைத்து உதைத்து அவளே ஸ்டார்ட் செய்தாள். பின்னால் ஏறப் போனபோதுதான் கவனித்தேன், ஒரு ஹெல்மெட்தான் கொண்டுவந்திருக்கிறோம். ரைட்டர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ போ, நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றேன்.