ஐப்பசி மழையில் மழலையரோடு: பூவரசும் நத்தையும் நூல் துண்டுகளும்

எங்கள் தெருவில் மூன்று முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளை ஞாயிறு காலைகளில் வியாசர்பாடியில் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்றுக்கு அழைத்துச் சென்று, மரம், செடி, பூச்சி, மழைநீர் ஆகியவற்றை நின்று பார்க்கப் பழக்கும் முயற்சியை இந்த ஐப்பசியில் தொடங்கினேன். மழலையருக்கான படப் புத்தகங்கள் பலவற்றில் இலையுதிர் காலம் என்றால் சிவந்த மேப்பிள் இலைகள் உதிரும் காட்சியே இடம்பெறுகிறது. நம் ஊரிலோ அரசும் வேம்பும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில்தான். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்கு உரிய மாதங்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. ஆகவே, இப்பருவத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை மழையும் மழையோடு வெளிவரும் உயிர்களுமே என்று தீர்மானித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வாரமும் புதிய இடத்துக்கு அழைத்துச் செல்லலாமே என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நான் இணங்கவில்லை. இந்த வயதில் புதிய இடம் என்றாலே ஊஞ்சலும் சறுக்குமரமும்தான் கண்ணில் படும். அதே மரத்தடிக்குத் திரும்பத் திரும்பச் சென்றால்தான் போன முறை இல்லாதது இம்முறை இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். எங்களுக்கு அந்த மரம் பூங்காவின் சுற்றுச்சுவரை ஒட்டி நிற்கும் ஒரு பூவரசு. அதன் பூ மஞ்சளாக விரிந்து, வாடும்போது கருஞ்சிவப்பாக மாறி உதிரும். உதிர்ந்து கிடந்தவற்றை வெளிறியதிலிருந்து கறுத்தது வரை ஒரு வரிசையாக அடுக்கச் சொன்னேன். நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி கிளையில் இருந்த மஞ்சள் பூவையும் கையில் இருந்த சிவந்த பூவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆயா, இதுவும் நேத்து மஞ்சளாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள். யாரும் சொல்லித் தராமல் அவளே கண்டடைந்த அந்தக் கேள்விக்காக இன்னும் எத்தனை ஞாயிறுகள் வேண்டுமானாலும் நான் ஒதுக்குவேன். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுவதும் அன்றே கற்பித்தாயிற்று, தெருவே அதிர்ந்தது.

நத்தைதான் இதுவரை எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆசிரியர். இரவு மழை பெய்த மறுநாள் காலையில் சுற்றுச்சுவர் நெடுகப் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ஏறியிருக்கும். 1847-இல் மொரீஷியஸிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்துசேர்ந்த இந்த இனம் இன்று நாட்டின் பல பகுதிகளிலும் பயிர்களைத் தின்று தீர்க்கிறது. மனிதரின் மூளையுறையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இவற்றின் உடலில் இருக்கக்கூடும் என்பதால், வெறுங்கையால் தொடக்கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு நத்தையை இலையால் எடுத்து, பெரிய பிளாஸ்டிக் டப்பாவின் ஒளி ஊடுருவும் மூடியின் மேல் விட்டு, மூடியை உயர்த்திப் பிடித்தேன். பிள்ளைகள் கீழிருந்து அண்ணாந்து பார்த்தார்கள். சதைப்பற்றான அதன் பாதத்தில் மெல்லிய நிழற்கோடுகள் வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டே இருந்தன. வாய் திறந்து திறந்து மூடியது. நீண்ட இரண்டு கொம்புகளின் நுனியில் கண் இருப்பதையும், சிறு குச்சியை அருகே கொண்டு சென்றதும் அந்தக் கொம்பு உள்ளே சுருண்டுகொள்வதையும் பார்த்து, வழக்கமாக ஓரிடத்தில் நிற்காத பையன்கூட அசையாமல் நின்றான். சுண்ணாம்பு அடித்த சுவரை நத்தை ஏன் நக்குகிறது என்று ஒருவன் கேட்டான். ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று விளக்கி, அடுத்த முறை முட்டை ஓட்டை நொறுக்கி அங்கே வைத்தேன். அதன் மேலும் ஒரு நத்தை ஏறியதைப் பிள்ளைகள் தாங்களே கண்டார்கள். பார்த்து முடித்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும்.

எந்த வானிலையிலும் குழந்தைகளை வெளியே விடும் காட்டு மழலையர் பள்ளிகள் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் உண்டு. ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்க் நகரில் அத்தகைய பள்ளி ஒன்று 1993-இல் அரசின் ஏற்பைப் பெற்றது. அந்தக் கொள்கையின் மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டென்றாலும், மழைநீரோடு சாக்கடை நீரும் கலந்து நிற்கும் எங்கள் தெருக்களில் தேங்கிய நீரில் குதித்து விளையாட விட முடியாது. எலிக்காய்ச்சல் பற்றிய அச்சம் நியாயமானது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவுக்காக முழுக்கைச் சட்டை கட்டாயம்.

ஆகவே மழையை வீட்டிலேயே பிடிக்கச் செய்தேன். பக்கங்கள் நேராக இருக்கும் பால்மாவு டப்பா ஒன்றை மொட்டை மாடியில் வைத்து, வானிலை ஆய்வு மையத்தினர் அளக்கும் அதே காலை 8.30 மணிக்கு, அம்மாவின் துணையோடு, தேங்கிய நீரின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, பழைய நாட்காட்டித் தாளில் அந்தத் தேதியின் மேல் ஒட்ட வேண்டும். பக்கங்கள் நேராக இருந்தால் டப்பா அகலமோ குறுகலோ நீரின் உயரம் மாறாது என்பது பெரியவர்களுக்கும் வியப்பாக இருந்தது. எண்ணத் தெரியாத பிள்ளையும் நீளமான நூலைக் காட்டிப் பெரிய மழை என்கிறது. புழல் ஏரியில் சேர்ந்து குழாயில் வருவது இதே மழைதான் என்று அங்கே வைத்துச் சொல்வது எளிதாக இருந்தது. டப்பாவை அன்றன்றே கவிழ்த்துவிட வேண்டும். ஒரு வீட்டில் சில நாட்கள் அப்படியே விட்டதில் நெளியும் கொசுப்புழுக்கள் வந்துவிட்டன. அவற்றையும் எல்லோருக்கும் காட்டிய பிறகே காய்ந்த தரையில் கொட்டினோம்.

மழை விட்டிருந்த ஒரு காலை, பூங்காவின் திறந்த வெளியில் தட்டான்கள் தாழ்வாகக் கூட்டமாகப் பறந்தன. வாலில் நூல் கட்டிப் பறக்கவிட ஒரு அண்ணன் முன்வந்தான்; நான் தடுத்துவிட்டேன். இவற்றில் ஓர் இனம் இந்தப் பருவத்தில் இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரை செல்வதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்று சொன்னதும், அவன் நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, எந்தத் திசையில் கடல் இருக்கிறது என்று கேட்டான். காசிமேடு பக்கமாகக் கை காட்டினேன்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும், இப்போது பழகியிருக்கும் பிள்ளைகளை மட்டும் ரெட்டேரிக்கு அழைத்துச் சென்று நீர்ப்பறவைகளைக் காட்ட எண்ணியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வருவது உறுதியானால்தான் ஏரிக்கரைக்குப் போவோம். அதற்காகத் தாய்மார்களிடம் இப்போதே பேசத் தொடங்கியுள்ளேன்.