பாண்டிச்சேரியில் சுவர்களின் காலடியைப் பார்த்து ஒரு நடை

பாண்டிச்சேரி போகிற எல்லாரும் ஒரு மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். தரையிலிருந்து முதல் இரண்டடி அந்தப் போட்டோவில் பெரும்பாலும் வராது. வந்தாலும் வெட்டிவிடுவார்கள், ஏனென்றால் அங்கேதான் சுண்ணாம்பு உரிந்து உப்பு பூத்திருக்கும். நான் பார்க்கப் போனது அந்த இரண்டடியையும் அதற்குக் கீழே மண்ணுக்குள் இருப்பதையும்தான்.

முதலில் பீச் ரோட்டில் மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம், 1870 வாக்கில் கட்டியது. ஏற்கெனவே பழுதாகி நின்ற கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். இன்றைக்குப் பார்க்கிறவருக்கு இது பழையது இல்லை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எந்த இடம் வரை இடிந்தது என்று காட்ட ஒரு பழைய செங்கல் சுவரையாவது திறந்து வைத்திருக்கலாம்.

இந்த ஊர் நிற்பது கடலோர மணலில். மணல் என்றதும் பயப்பட வேண்டாம். களிமண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும்; மணல் அந்த வேலையெல்லாம் செய்யாது. நெருக்கமாக அடைந்து கிடந்து, பக்கவாட்டில் நகர இடமில்லாமல் இருந்தால் பாரத்தை நன்றாகவே தாங்கும். அதன் எதிரி ஓடுகிற தண்ணீர். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டினாலும், தெருவுக்கடியில் சாக்கடைக் குழாய் உடைந்து கசிந்தாலும், பொடி மணல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப் போய் கடைக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, கீழே வெற்றிடம் உண்டாகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஒரு விரிசல் கிளம்பும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. 1761இல் ஆங்கிலேயர்கள் இந்த ஊரைப் பிடித்ததும் கோட்டையையும் பெரும்பாலான கட்டடங்களையும் தரைமட்டமாக்கினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1765இல் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். அதனால் பழைய பாண்டியில் கடைக்காலுக்குக் குழி தோண்டினால் ஓரிடத்தில் சுத்த மணல் வரும், நாலடி தள்ளி உடைந்த செங்கலும் காரையும் வரலாம். ஒரே சுவரின் ஒரு முனை மணலிலும் மறுமுனை இடிபாட்டு நிரப்பிலும் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே அளவில் இறங்காது. வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளரும் இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேல்தான் தன் கூடத்தை அமைத்தார். 1769 ஜூனில் அந்த நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது, பாவம்.

பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் திண்ணை வைத்த வீடுகள். வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது, பக்கத்துச் சந்து ஒன்றில் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்து நின்ற ஒரு வீடு. சுவரோரம் குழி தோண்டியிருந்தார்கள். வயதான மேஸ்திரி ஒருவர் குழி விளிம்பில் குந்தியிருந்தார்.

"உள்ள வந்து பாருங்க தம்பி, ஆனா சுவர் மேல சாயாதீங்க" என்றார்.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடிச் சில்லைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். விரிசல் இன்னும் நகர்ந்தால் சில்லு உடையும்; உடையாவிட்டால் அது பழைய இறக்கம், அடைத்துவிட்டால் போதும். இங்கே உடைந்துவிட்டது. விரிசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்ததால் சுவரின் முனை இறங்குகிறது என்று கணக்கு. கீழே அகலமாக இருந்தால் நடுப்பகுதி தொய்கிறது.

"ஏங்கய்யா, மொத்தமா தோண்டிட்டு ஒரே மூச்சுல புதுக் கடைக்கால் போட்டா என்ன?"

"போடலாம். வீடு உங்க தலையில இருக்கும்."

அவர் செய்வது மூன்று மூன்றடித் துண்டாக. ஒரு துண்டுக்கு அடியில் தோண்டி, ஆழமாகக் கட்டி மேலேற்றி, பழைய கடைக்காலுக்கும் புதுசுக்கும் இடையில் சாந்தை இடுக்கி இறுக்குவது. அது கெட்டியான பிறகே அடுத்த துண்டு. அதுவும் ஒட்டினாற்போல் இல்லாமல், இரண்டு துண்டு விட்டு. சுவர் எப்போதும் பெரும்பகுதி பழைய காலிலேயே நிற்க வேண்டும். கோடையில்தான் இந்த வேலை. கார்த்திகையில் ஊற்று மேலே வந்துவிடும். மோட்டார் போட்டு இறைத்தால் தண்ணீரோடு மணலும் வரும். பக்கத்து வீட்டுக்காரர் மறுநாள் சண்டைக்கு வருவார்.

இதே சிக்கலுக்கு இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தில் வேறு வழி கண்டார்கள். நீரை இறைத்தால் கட்டடம் இறங்கும் என்று, 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பாளர் கலங்கல் நீருக்குள் இறங்கி, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அஸ்திவாரம் போட்டார். மேஸ்திரியிடம் சொன்னேன். "அவருக்கு எவ்வளவு கூலி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மேஸ்திரியின் பெரிய கோபம் சிமெண்ட் மேல். பழைய செங்கலும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளேயே மேலேறி, உப்போடு சேர்ந்து செங்கலைப் பொடியாக்கும். அடுத்து ரோடு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. அந்த வீட்டுக்குப் போகத் தெருவிலிருந்து ஒரு படி இறங்க வேண்டும். கட்டியபோது ஏறித்தான் போயிருப்பார்கள். மழைத் தண்ணீர் வேறெங்கே போகும்? அஸ்திவாரத்துக்கு லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு மழைநீர்க் குழாயை அப்படியே விடுகிறவர்கள் உண்டாம். என்னைக் கேட்டால், வடிகாலைச் சரிசெய்யாத வீட்டில் கடைக்காலில் கை வைப்பதே வீண் செலவு.

சாயங்காலம் அரிக்கமேடு, ஊருக்குத் தெற்கே மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழங்காலத் துறைமுக ஊர். ஆட்டோக்காரர் "அங்க ஒண்ணுமே இல்லையே சார்" என்றார். ஓரளவு உண்மைதான்: மாந்தோப்பு, பதினெட்டாம் நூற்றாண்டு மிஷன் வீட்டின் இடிந்த செங்கல் தூண்கள், அவ்வளவே. தொல்லியலாளர் மார்டிமர் வீலர் 1945இல் தோண்டிப் பார்த்த இடங்களை மூடிவிட்டார்கள். ஆனால் அரியாங்குப்பம் ஆறு வளைந்து கரையை அறுக்கும் பக்கம் போய்ப் பாருங்கள். வீலருக்கு ரொம்ப முன்பே, அந்த லெ ஜென்டில் இங்கே கரை சரிந்து பழைய செங்கல் சுவர்கள் தெரிந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். மண்ணுக்குள் பத்திரமாக இருந்ததை முதலில் தோண்டி எடுத்தது ஆறுதான்.

இப்படி ஒரு நடை போக விரும்புகிறவர்களுக்கு மாசி மாதம் நல்லது. மழை விட்டுச் சுவர் உலரும்போது உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் படிந்திருக்கும். ஈரம் எந்த உயரம் வரை ஏறியது என்று வீட்டுக்கு வீடு பார்க்கலாம். திறந்த கதவென்று யார் வீட்டுக்குள்ளும் நுழையாதீர்கள், கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள்.