மூன்று சட்டை, ஒரு வாஷ்பேசின்

அக்டோபர் 2, இரவு

நாளை காலை கிளம்புகிறோம், நானும் அக்காவும். பன்னிரண்டு நாள். ஆளுக்கு ஒரு முதுகுப்பை மட்டும், அதுவும் விமானத்தில் தலைக்கு மேல் வைக்கிற அளவு. இறங்கியபின் பெட்டிக்காகக் காத்து நிற்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். சட்டை மூன்று, பேண்ட் இரண்டு, உள்ளாடை நான்கு, காலுறை மூன்று ஜோடி. இதற்கு மேல் வைத்தால் ஜிப் மூடவில்லை. ஆக, இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைத்தே ஆக வேண்டும்.

துணி அடுக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. எதைப் போட்டுத் துவைப்பது என்று முடிவெடுக்க இரண்டு மணி நேரம். திரவம் என்றால் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கைப்பையில் போகாது. 2006-ல் வந்த கட்டுப்பாடு. புது வகை ஸ்கேனர் வைத்திருக்கும் சில விமான நிலையங்கள் இப்போது தளர்த்திவிட்டன. ஆனால் போகிற இடத்தில் விட்டாலும் வருகிற இடத்தில் விட வேண்டுமே. பற்பசை, ஷாம்பு, அக்காவின் கிரீம்கள் எல்லாம் ஏற்கெனவே, திரவங்கள் மொத்தமும் அடங்க வேண்டிய அந்த ஒரு லிட்டர் பைக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. தூளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பெயர் ஒட்டாத கவரில் வெள்ளைத் தூளை வைத்துக்கொண்டு, சோதனை மேசையில் "சார், இது துணி தொவைக்கிற பவுடர்" என்று விளக்கும் காட்சியை நினைத்தாலே கை வியர்க்கிறது. கட்டி சோப்பையும், தண்ணீரில் போட்டால் கரைகிற சோப்புத்தாளையும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், இரண்டும் திடப்பொருள்.

முடிவெடுக்க முடியாதவன் என்ன செய்வான்? 60 மில்லி பாட்டிலில் திரவம், பாதி கட்டி சோப்பு, சோப்புத்தாள் பத்து என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். எது தேறுகிறது என்று பார்த்துவிடலாம். தூளை மட்டும் விட்டுவிட்டேன்.

"நீ ஊரு பாக்க வரியா, துணி தொவைக்க வரியாடா?" என்கிறாள் அக்கா.

அக்டோபர் 3

திரவம் முதல் நாளே தோற்றது. அறைக்கு வந்து பார்த்தால் பாட்டிலில் பாதிதான் இருக்கிறது, மீதி கவருக்குள். முழுக்க நிரப்பினால் வழியும் என்று மேலே கொஞ்சம் காற்று விட்டு மூடியிருந்தேன். அதுதான் வினை. பறக்கும்போது கேபினுக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதுபோல் இருக்காது, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயர மலையில் இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும். பாட்டிலில் அடைபட்ட காற்று விரிந்து, திரவத்தை மூடி வழியாகத் தள்ளிவிட்டது. மூடும் முன் பாட்டிலை லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றியிருக்க வேண்டும். வாயில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகியிருந்தால் இன்னும் நல்லது.

தனிக் கவரில் போட்டிருந்ததால் மற்ற சாமான் தப்பியது. இல்லாவிட்டால் அக்காவின் வாய்க்கு யார் பதில் சொல்வது.

அக்டோபர் 4

முதல் துவைப்பு. வாஷ்பேசினில் தண்ணீர் தேங்கவில்லை, அடைப்பான் பழுது. காலுறை ஒன்றைச் சுருட்டிப் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து ஓட்டையில் திணித்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. இதற்கென்றே தட்டையான ரப்பர் வட்டம் விற்கிறார்கள், எந்த ஓட்டையிலும் உட்காரும், எடையும் இல்லை. அதை வாங்காமல் சோப்பைப் பற்றி இரண்டு மணி நேரம் யோசித்திருக்கிறேன்.

அடுத்தது சோப்புத்தாள். ஈரக் கையோடு டப்பாவைத் திறந்தது முதல் தப்பு. மேலே இருந்த மூன்று தாளும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று ஆகிவிட்டன. பாலிவினைல் ஆல்கஹால் என்று தண்ணீரில் கரையும் ஒரு பிளாஸ்டிக் வகை உண்டு. அதில் அழுக்கு நீக்கும் பொருளைக் கலந்து மெல்லிய தாளாக உலர்த்தியதுதான் இது. தண்ணீர் பட்டதும் கரைவதற்கென்றே செய்த பொருளை ஈரக் கையால் தொட்டுவிட்டு அதைக் குறை சொல்லி என்ன பயன்?

இரண்டாவது தப்பு பெரியது. ஒரு முழுத் தாளையும் போட்டுவிட்டேன். ஒரு தாள் என்பது மெஷினில் ஒரு முழு ஈடு துணிக்கான அளவு. நான் போட்டதோ நாலு லிட்டர் தண்ணீரில் ஒரு சட்டை, இரண்டு உள்ளாடை, ஒரு ஜோடி காலுறை. நுரை பேசினைத் தாண்டி, குழாயைத் தாண்டி, பல்துலக்கும் டம்ளர் வரைக்கும் போயிற்று. நுரையைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அழுக்கை எடுப்பது நுரை இல்லை. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனையால் தண்ணீரோடு போகும். அதற்குக் கொஞ்சம் சோப்பே போதும். மிச்சம் துணியிலேயே தங்கி, காய்ந்தபின் விறைப்பாக நிற்கும், வியர்த்தால் அரிக்கும்.

ஆறு முறை அலசினேன். துவைக்க ஐந்து நிமிடம், அலச அரை மணி. இடுப்பு போயிற்று. இனிமேல் கால் தாள். அதையும் முதலில் கரைத்துவிட்டு, அப்புறம்தான் துணியைப் போட வேண்டும்.

அக்டோபர் 5

சட்டை காயவில்லை. ஈரச் சட்டையைக் கவரில் கட்டிக்கொண்டு மலை ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். மேலே பனிமூட்டம் என்கிறார்கள்.

அக்டோபர் 6

பனிமூட்டம்தான். கவரைத் திறந்ததும் அந்த வாடை. துவைத்த துணியில் வருகிற முடைநாற்றத்துக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியாவை முக்கியக் காரணமாகக் கண்டிருக்கிறார்கள். ஈரமாக நீண்ட நேரம் கிடந்தால் அதற்குக் கொண்டாட்டம். எனவே சோப்பை மாற்றினால் நாற்றம் போகாது, சீக்கிரம் காயவைத்தால்தான் போகும். மறுபடி துவைத்தேன், கால் தாளில். இரண்டே அலசலில் தண்ணீர் தெளிந்துவிட்டது!

உலர்த்துவதற்கு அக்கா ஒரு வழி சொன்னாள். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "நீ கேக்கவே இல்லையேடா" என்கிறாள். காய்ந்த துண்டைப் படுக்கையில் விரித்து, பிழிந்த சட்டையை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் இரண்டையும் சேர்த்துச் சுருட்ட வேண்டும். பிறகு தரையில் போட்டு மேலே ஏறி நின்று மிதிக்க வேண்டும். பிழிந்தால் போகாத ஈரம் துண்டுக்குப் போய்விடுகிறது. சட்டையும் முறுக்குப்பட்டுச் சுருங்குவதில்லை. எடுத்தபோது சொட்டவில்லை, சில்லென்று மட்டும் இருந்தது.

குளியலறையில் தொங்கவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அந்த அறையில் அதைவிட மோசமான இடம் கிடையாது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று துணியிடமிருந்து எதை வாங்கிக்கொள்ளும்? மின்விசிறி ஓடுகிற பக்கமாகக் கொடி கட்டினேன். என் கொடி மூன்று ரப்பர் இழைகளைப் பின்னியது. பின்னலுக்குள் துணியின் ஓரத்தைச் செருகினால் போதும், கிளிப் வேண்டாம். இந்தப் பையில் நான் யோசித்து வாங்கிய ஒரே நல்ல பொருள். வெயில் இல்லாவிட்டாலும் காற்று ஓடினால் துணி காய்ந்துவிடும்.

காலையில் பாலியெஸ்டர் சட்டை காய்ந்திருந்தது, பருத்திச் சட்டையின் காலரும் தையல்களும் இன்னும் ஈரம். பருத்தி இழை தண்ணீரைத் தனக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் ஏறக்குறைய உள்ளே விடாது. ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கை பாலியெஸ்டர்தான் விடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒருநாள் போட்டாலே அக்குள் காட்டிக்கொடுத்துவிடும். சீக்கிரம் காய்கிற சட்டையைத்தான் அடிக்கடி துவைக்க வேண்டியிருக்கிறது. நல்ல நியாயம்.

அக்டோபர் 8

இன்று தங்கிய இடத்தில் உப்புத்தண்ணீர். குழாய் வாயில் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்ததைப் பார்த்தபோதே புரிந்திருக்க வேண்டும். கட்டி சோப்பின் முறை என்று அதை எடுத்துத் தேய்த்தேன். நுரையே வரவில்லை. தயிர் திரிந்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாக மாறிவிடுகின்றன. சோப்பின் பெரும்பகுதி இப்படியே வீண். போதாததற்கு அந்தப் படிவு துணியில் ஒட்டிக்கொண்டு வெள்ளைச் சட்டையை மங்கலாக்குகிறது.

இது கொழுப்பிலிருந்து செய்த அசல் சோப்புக்கு மட்டும் உள்ள வியாதி. செயற்கை டிடர்ஜென்ட் இப்படித் திரிவதில்லை. கட்டியாக வருகிற எல்லாமே சோப்பும் இல்லை, டிடர்ஜென்ட்டையே கட்டியாக வார்த்தும் விற்கிறார்கள். பயணத்துக்குக் கட்டி வாங்குகிறவர்கள் உறையைத் திருப்பி அதை மட்டும் பார்த்துவிட வேண்டும். மணம், நிறம், 'இயற்கை' என்ற சொல் எல்லாம் அப்புறம்.

மீதியிருந்த அரைப் பாட்டில் திரவம் இன்று மானத்தைக் காப்பாற்றியது. ஒரு சின்ன ஸ்பூன்தான் விட்டேன். முதல் நாள் அதைத் திட்டியதற்கு இங்கே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 9

நடந்து நடந்து குதிகாலில் கொப்புளம், காலுறையில் ரத்தம். வெந்நீரில் போடப் போனவனை அக்கா தடுத்தாள். ரத்தம் புரதம், சூடுபட்டால் இறுகிக் கறையாகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டி சோப்பைக் கறையின் மேலேயே தேய்த்ததும் போய்விட்டது. கறை, காலர், கைப்பட்டி, காலுறையின் பாதம் இதற்கெல்லாம் கட்டிதான் சரி. ஓர் இடத்தைக் குறிவைத்துத் தேய்க்கத் தாளாலும் திரவத்தாலும் முடியாது.

அந்தத் தைரியத்தில் அக்காவின் கம்பளிச் சால்வையையும் சேர்த்துத் துவைத்துத் தருகிறேன் என்றேன். திரவப் பாட்டிலை எடுத்ததும் பிடுங்கிக்கொண்டாள். "அதுல என்சைம் இருக்குடா." அவள் சொன்னது சரி. புரதக் கறையைச் சிதைக்கப் புரோட்டியேஸ் என்ற என்சைமைச் சேர்க்கிறார்கள். கம்பளியும் பட்டும் புரதம்தான், கறை எது சால்வை எது என்று அதற்குத் தெரியாது. தலைக்குப் போடும் ஷாம்புவில் நாலு சொட்டு விட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கசக்காமல் அமுக்கி எடுத்தோம். கம்பளி என்ன இருந்தாலும் முடிதானே. கண்டிஷனர் கலக்காத ஷாம்புவாகப் பார்த்துக்கொண்டோம்.

அக்டோபர் 11

நேற்றும் இன்றும் ஆற்றோரம் கூடாரம். குழாய் கிடையாது. பக்கத்துக் கூடாரத்துக்காரர் ஒருவர் ஆற்றுக்குள் நின்றுகொண்டு சோப்புப் போட்டார். மக்கும் சோப்புதான், ஒன்றும் ஆகாது என்றார். மக்கும் என்றால் மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிதைக்கும் என்று பொருள், ஆற்றில் விட்ட உடனே காணாமல் போகும் என்றில்லை. நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளித் துவைத்து, அழுக்குத் தண்ணீரை மண்ணில் பரவலாக ஊற்ற வேண்டும் என்பதுதான் காட்டில் தங்குகிறவர்கள் கடைப்பிடிக்கும் அளவு. அவரிடம் சொல்லத் தயங்கிப் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது உறுத்துகிறது.

தண்ணீர் புகாத பையில் மூன்று லிட்டர் தண்ணீர், கால் தாளில் பாதி, காலுறைகள். வாயைச் சுருட்டிக் கட்டி ஐந்து நிமிடம் குலுக்கினேன். உள்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன முண்டுகள் வைத்து, தேய்க்கும் பலகைபோலத் துவைப்பதற்கென்றே பை செய்து விற்கிறார்கள். நான்கு காலுறைக்கு என் சாதாரணப் பையே போதுமானதாக இருந்தது. அக்கா தன் காலுறையையும் கொண்டுவந்து உள்ளே போட்டாள், ஒன்றும் பேசாமல்.

அக்டோபர் 14, வீடு

வந்து சேர்ந்தோம். பையைக் கொட்டிக் கணக்குப் பார்த்தேன். சோப்புத்தாளில் ஐந்து மிச்சம். முதல் நாள் ஊதாரித்தனம் இல்லாவிட்டால் ஒன்பது மிஞ்சியிருக்கும். கட்டி சோப்பு ஈரத்தோடு டப்பாவில் கிடந்து களிபோல் ஆகிவிட்டது. அடுத்த தடவை ஓட்டை போட்ட டப்பா. திரவம் தீர்ந்தது.

அடுத்த பயணத்துக்குத் தாளை முன்கூட்டியே கால் காலாக வெட்டி, இறுக மூடும் தகர டப்பாவில் வைத்துக்கொள்வேன். கறைக்கு டிடர்ஜென்ட் கட்டியில் விரல் அளவு ஒரு துண்டு. திரவம் வேண்டாம், ஷாம்பு எப்படியும் பையில் இருக்கிறது. சோப்பில் மிச்சமான இடத்தில் மெல்லிய துண்டு இன்னொன்று வைக்கலாம், மிதிப்பதற்கு.

"அந்தத் தாளு நாலு எனக்கும் வாங்கி வை" என்று அக்கா போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லாத் துணியையும் மெஷினில் போட்டுவிட்டேன். காலுறை ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது எந்த ஊர் வாஷ்பேசினில் அடைப்பானாக உட்கார்ந்திருக்கிறதோ தெரியவில்லை.